படகுக்காரனை எழுப்பிய மணி

முராகி சானுக்கு,

வணக்கம். பருவத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். அதுதான் முறை. இன்று எனக்கு மனம் வரவில்லை. கோபமாக இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ‘ஆற்றரசி’ வீடியோ கேமின் இரண்டாம் பாகம் கிடைத்தது. சோஹெயின் படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லிச் சீட்டு எழுதியிருந்தீர்கள். வைக்கவில்லை. விளையாடிப் பார்த்தேன். முதல் பாகத்தின் கதையை என் கணவர் சோஹெய் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் எழுதினார். ஒப்பிட்டுப் பேச எனக்கு உரிமை உண்டு.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மழை அழகு. முதல் பாகத்தில் மழை என்றால் வெறும் வெள்ளைக் கோடு. இதில் ஒவ்வொரு துளிக்கும் தண்ணீரில் வட்டம் விரிகிறது. மந்திரக் காடும் மூன்று மடங்கு பெரியது. ஆனால் அந்தப் படகுக்காரனை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

முதல் பாகத்தில் அவன் இளவரசியைக் கரையேற்றிவிட்டு வெள்ளத்தோடு போய்விடுவான். அதற்குப் பிறகு துடுப்பை நாமேதான் போட வேண்டும். கரையில் கல் அடுக்கிய சமாதி மட்டும் இருக்கும். அவனைப் பிழைக்க வைக்கச் சொல்லிக் கம்பெனி நெருக்கியபோது, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சோஹெய் உங்களிடம் சொன்னது என் காதில் இருக்கிறது: "செத்தவன் செத்தவன்தான்டா. மணி அடிச்சதும் எந்திரிச்சு உக்கார, அவன் என்ன நம்ம ஆபீஸ்லயா வேலை பாக்குறான்?" நீங்களும் சிரித்துக்கொண்டே, "சரிடா, உன் பிணம், நீயே வச்சுக்கோ" என்றீர்கள்.

இப்போது கோயில் மணியை மூன்று முறை அடித்தால் அவன் எழுந்து வருகிறான். ரசிகர்கள் கேட்டார்களாம். சோஹெய் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வரைந்த முகம் அது. காதுக்குப் பின்னால் சொறிவதுகூட அவரேதான்.

சிஹோவுக்கு ஏழு வயது. அப்பா இனி வரமாட்டார் என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை. அந்தச் சமாதிதான் புரியவைத்தது. ஞாயிறுதோறும் முதல் பாகத்தைப் போட்டு, ஆற்றைத் தாண்டி, கல்லின் மேல் ஒரு பூ வைத்துவிட்டு அணைப்பாள். அழுகையும் நின்றிருந்தது. போன ஞாயிறு உங்கள் மணியை அடித்தாள். அவன் எழுந்து, காதைச் சொறிந்து, "என்ன பாப்பா, ரொம்ப நேரமா நிக்கிறியா?" என்றான். அவள் என் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு எந்தக் கோயில்ல அடிக்கணும்? ஏம்மா என்கிட்ட சொல்லவேயில்ல?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வேண்டுமென்றே மறைத்தேன் என்று நினைக்கிறாள்.

பதினெட்டாம் தேதி கோயிலில் சோஹெயின் நினைவுநாள் வழிபாடு. அங்கும் பெரிய மணி ஒன்று தொங்குகிறது. அதை எட்டிப் பிடிக்க முடியுமா என்று அத்தையிடம் விசாரித்திருக்கிறாள். அதற்கு முன்னால் வாருங்கள். பூ, பழக்கூடை எதுவும் வேண்டாம். அவள் எதிரில் உட்கார்ந்து, அந்த மணி நீங்கள் இட்டுக்கட்டியது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் ஆக்கிய சோறு, நீங்களே பரிமாறுங்கள்.

நேற்று உங்கள் மனைவி நட்சுமி போன் செய்தாள். மூன்றாம் பாகத்துக்காக ஒன்பது நாளாக ஆபீசில் மேசைக்கு அடியிலேயே படுத்துக்கொள்கிறீர்களாம். கேட்டால், "இது மட்டும் முடியட்டும்" என்கிறீர்களாம். சோஹெயும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அவரை அந்த மேசைக்கு அடியிலிருந்து தூக்கியவர் நீங்கள்.

இதைப் படித்ததும் எழுந்து வீட்டுக்குப் போங்கள். என் கோபம் ஒரு நாளில் திட்டித் தீர்க்கிற கோபம் இல்லை. அதைக் கேட்டு முடிக்கவாவது நீங்கள் நூறு வயது வரை இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஃபுமியே