சக்கரத்தின் அரக்கை உடைக்கச் சொன்ன ஓலை

நலம் பெருகுக. மருதவள நாடாளும் திருமருதக்கோவின் நிழலில் தூதுத்துறை அமைச்சராயிருக்கும் செழுங்கோடன், மஞ்சுமலைக் கணவாயின் தலைவர் அருமலை நம்பியாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கணவாயில் காற்று அடங்கியிருக்க. காவலர் கண் அயராதிருக்க. இவ்வோலையைத் தாங்கள் காணுமுன் எந்தச் சைக்கிளும் அவ்வழி கடந்து போகாதிருக்க.

எல்லையில் படையோடு நிற்கும் அயலரசருக்கு நம் மன்னர் வரைந்த சமாதான ஓலையைச் சுமந்து, இவ்வமைச்சரின் மகள் வேங்கைச்செல்வி நேற்று விடியலில் சைக்கிளேறிப் புறப்பட்டாள். நாளை மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் அது சேராவிடில் படை நகரும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

அவள் சைக்கிளில் பூட்டியிருப்பவை டியூப் இல்லாத டயர்கள். உள்ளே ஊற்றும் சீலண்ட் என்னும் பால், முள் குத்திய துளையைத் தானே அடைத்துவிடும், இனித் தூதர் வழியில் குந்திப் பஞ்சர் ஒட்ட வேண்டியதில்லை என்று அவையில் மார்தட்டியவர் இவ்வமைச்சரே. முதிய தூதர் இருவர் முனகியபோது, இன்னும் டியூபைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நகைத்தவரும் அவரே.

அத்தோடு விட்டாரா? அரசருடைய பொருள் எதுவாயினும் அரக்கு முத்திரை வைப்பது நம் நாட்டு வழக்கமாதலால், பகைவர் கை படலாகாதென்று டயரின் விளிம்பிலும் வால்வின் திருகிலும் அரக்கு வைக்கச் சொன்னார். காற்றடிக்கத் தடையில்லை, கழற்றினால் தலை போகும் என்று பறையும் அறைவித்தார்.

இன்று காலை சக்கரத் தச்சர் ஒல்லையூரர் வந்து, நம் நாட்டு வெயிலுக்கு அந்தப் பால் மூன்று நான்கு திங்களில் வற்றிப்போகும், தையில் ஊற்றியது, இது ஆடி என்று விண்ணப்பித்தார். முன்பே ஏன் உரைக்கவில்லை என வினவியதற்கு, பறையைக் கேட்டபின் யாருக்கு வாய் வரும் என்று பணிந்து கூறினார். கொட்டடியில் நின்ற மற்றொரு சைக்கிளின் அரக்கை அமைச்சரே உடைத்துப் பார்த்தார். உள்ளே ஆறிய கஞ்சியின் ஆடைபோல் ஏதோ ஒட்டியிருந்ததேயன்றி ஒரு சொட்டும் இல்லை.

புறப்படும்போது மகள் ஒரு டியூபைப் பையில் வைத்தாள். அது அரசருடைய டயருக்கு இழுக்கென்று பலர் காண எடுத்துவிட்டவரும் அமைச்சரே. அது இப்போது அவர் மடியில் கிடக்கிறது.

சாலை மலையைச் சுற்றி வரும். இவ்வோலையோடு புதிய பாலையும் அந்த டியூபையும் ஏற்றி அனுப்பும் படகு ஆற்றில் நேரே வரும். அவளுக்கு முன்பே தங்களை எட்டுவதாகப் படகோட்டி சத்தியம் செய்கிறார். எதையும் நம்பும் நிலையில் அமைச்சர் இல்லை. கணவாய்க்கு அப்பால் இரண்டு காதம் கருவேல முள்.

ஆகவே ஆணையாவது: அவளை நிறுத்துக. அரக்கை உடைத்து, படகில் வரும் பாலை இரு சக்கரத்திலும் ஊற்றுக. டியூபை அவள் பையில் வைக்க. அவள் எளிதில் இசையாள்; அரக்கைத் தொடுபவன் கையை வெட்டு என்று தந்தை சொல்லி அனுப்பியிருக்கிறார், அவளும் சொன்னதைச் செய்பவள். அப்போது இவ்வோலையின் அடியை அவளுக்குக் காட்டுக.

இதற்கு முத்திரை வைக்கவில்லை. சக்கரங்களுக்கு அரக்கு வைத்த மோதிரத்தை அமைச்சர் தம் கையாலேயே உடைத்து, பாதியை இங்கே நூலில் கட்டியிருக்கிறார். மகள் அதை அறிவாள்.

இது செழுங்கோடன் எழுத்து.