இரண்டு பக்கமும் கோப்பித்தூள்

2024 ஜூன் 4, செவ்வாய்

ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு ஆளாளுக்கு வேலை கொடுக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது, பரீட்சார்த்தமாக. அடிபட்ட பிள்ளையின் தலையில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளியை உள்ளே அனுப்பி, மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று சொல்லுமாம். ஊசி இல்லை, வலி இல்லை. ஆனால் நமுனுகுலப் பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் ஒரு தாயும் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன் என்கிறாள். "மூளையச் சுட்டுப்புடும்" என்று பேச்சு. டொக்டர் ஜுமானா என்னைத் தேடி வந்தார். "நீங்க சொன்னா கேப்பாங்க சார்."

ஜூன் 7

காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேசினேன். உள்ளங்கைக்குப் பின்னால் டோர்ச் அடித்துக் காட்டினேன். கை சிவந்தது, சுடவில்லை. ஒளி உள்ளே போய்த் திரும்பி வரும், தேங்கிய இரத்தம் அதை விழுங்கிவிடும், அதனால்தான் கருவி தலையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுகிறது என்றேன். கடைத் தராசை உதாரணம் சொன்னேன். பிறகு இரண்டு தோசை, ஒன்று கருகியது. பிறகு மாட்டின் கொம்புகள். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் பயமில்ல" என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

ஜூன் 8

பிள்ளைகள் ஒருவர் காதுக்குள் ஒருவர் டோர்ச் அடித்துப் பரிசோதிக்கிறார்கள். கடையில் பற்றரி தீர்ந்துவிட்டது. என் மனைவி குணமணி சொல்கிறாள்: "ஒங்க பாடம் நல்லாத்தான் நடக்குது. நம்ம வீட்டு டோர்ச்சையும் காணோம்."

ஜூன் 19

இப்போதுதான் டிஸ்பென்சரியிலிருந்து வந்தேன்.

லயத்துத் தயானியின் மகள் சிவரூபி, ஆறு வயது. காலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து தலையில் அடி. எழுந்து விளையாடினாளாம். மத்தியானம் வாந்தி, ஓயாத தூக்கம். தயானி தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடுவதைப் பார்த்து நானும் பின்னால் ஓடினேன்.

கருவியை வைத்தால் பதிலே இல்லை. கீச் கீச் என்று கத்துகிறது. டொக்டர் துடைத்தார், பற்றரி மாற்றினார். தன் தலையில் வைத்தார் — பச்சை. என் தலையில் வைத்தார் — பச்சை. (உள்ளே ஒன்றும் இல்லை என்பது உறுதியாயிற்று.) பிள்ளையின் தலையில் வைத்தால் மறுபடி கத்தல்.

"புள்ளைக்குத் தூக்கந்தானே டொக்டர், வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றாள் தயானி.

நான் பிள்ளையிடம் குனிந்தபோது மணத்தது. கோப்பி!

"என்னம்மா பூசுன?"

"ரத்தம் நிக்கக் கோப்பித்தூள் வச்சு அமத்துனேன் சார்."

"அடிபட்டது அந்தப் பக்கம். இந்தப் பக்கமும் கறுப்பா இருக்கே?"

"இங்கயும் பூசிட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

கடவுளே. பாடத்தைக் கவனமாகக் கேட்ட ஒரே ஆள் இவள்தான். அந்தக் கறுப்புத் தூள் ஒளியை வாசலிலேயே விழுங்கிவிட்டது. டொக்டர் கழுவினார், நான் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி வைத்தார்.

இடது பக்கம் சிவப்பு.

தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இரண்டு பக்கம், இரண்டு பக்கம் என்று... தோசையைப் பற்றி நான் ஏன் பேசினேன்?

ஜூன் 20

ஸ்கேனிலும் இடது பக்கந்தானாம். உடனே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். தயானி போனில் அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளை கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏந் தலையில யாரும்மா கோப்பி போட்டது?"

குணமணி இரண்டு தரம் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

ஜூலை 9

மறுபடி பெரட்டுக் களத்தில் கூட்டம். பாதித் தலை மழித்த சிவரூபி முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தையலைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு வீட்டுல ரெண்டு ஜன்னல் இருக்குன்னு வச்சுக்குங்க" என்று ஆரம்பித்தேன்.

தயானி எழுந்துவிட்டாள். "சார், கோவிச்சுக்காதீங்க. உதாரணம் வேணாம். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். "தலையில அடிபட்டா ஒண்ணும் பூசாதீங்க. சுத்தமான துணியால அமத்திக்கிட்டு ஒடனே கொண்டாங்க."

கூட்டம் அவ்வளவுதான். ஜன்னல் உதாரணத்தை வீட்டில் குணமணிக்குச் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டாள்.