தண்ணியோடு நடந்து வந்தோம், மச்சான்

என் அருமை மச்சான் கொளஞ்சிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது அங்கே வந்து உன்னிடம் வத்தி வைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு வைத்த பேனரில் உன் படத்துக்குப் பதிலாக என் படம் வந்துவிட்டது.

நான் என்ன செய்வேன்? என் மகள் கல்யாணத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நின்ற படத்தைத்தான் சிதம்பரத்தில் பேனர் அடிக்கிற கடைக்குப் போனில் அனுப்பினேன். "இதுல இறந்தவரு யாருங்க?" என்று கேட்டார்கள். "வெள்ளைச் சட்டை, பெரிய மீசை" என்றேன். அப்புறம் பார்த்தால் எனக்கும் வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. இரண்டில் எது செத்த மூஞ்சி என்று கடைக்காரரே பார்த்து முடிவு பண்ணியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் எழுந்து பல் விளக்குவதற்குள் அதைப் பாலத்து முக்கில் கட்டிவிட்டார்கள். நம் ஊர்க்காரனும் மேலண்டை ஊர்க்காரனும் போய்வர அது ஒன்றுதானே பாதை. மாலை போட்ட என் மூஞ்சி, இரண்டு பக்கமும் விளக்கு, மேலே கண்ணீர் சொட்டுகிற ஒற்றைக் கண்ணு. கீழே உன் பெயரும் 'முதலாம் ஆண்டு' என்பதும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியில் போகிறவன் படத்தைப் பார்ப்பானா, எழுத்தைப் படிப்பானா?

சிரிக்கிறாயா? சிரி. நீ சிரிப்பாய் என்றுதான் இதை முதலில் எழுதினேன். ஆனால் அந்த மூஞ்சி மாறின கூத்தில்தான், மச்சான், நம் வாய்க்காலுக்குத் தண்ணி வந்தது.

இந்தக் கடுதாசியை வெளியாட்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடாமல் கேள்.

நமக்கும் மேலண்டை ஊருக்கும் ஒரே வாய்க்கால். மேற்கே அவர்கள் ஊரில் ஷட்டர். அங்கே திறந்தால் முதலில் அவர்கள் நிலத்தைத் தொட்டுவிட்டு, அப்புறம் நம் ஊருக்கு வந்து, மிச்சம் பிச்சாவரம் பக்கம் உப்புத் தண்ணியில் போய் விழும். மழை ஏமாற்றுகிற வருஷம் தண்ணி எல்லாருக்கும் பத்தாது. அப்போது முறை வைத்துத்தான் விட வேண்டும், இத்தனை நாள் அவர்களுக்கு, இத்தனை நாள் நமக்கு என்று.

நீ இருந்த வரைக்கும் அந்த முறை பிசகினதே இல்லை. இரண்டு ஊரும் ரொம்ப ஒற்றுமை என்று நாங்கள் எல்லாரும் மார் தட்டிக்கொண்டு இருந்தோம். எங்கே ஒற்றுமை? ஷட்டர் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய், அவ்வளவுதான். நீ ஒருத்தரையும் நம்பினவன் இல்லை. சாப்பிடப் போகும்போதுகூட ஷட்டர் சக்கரத்தில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போவாய், எவனாவது திருப்பினால் அறுந்துவிடும் என்று. மேலண்டை ஊர்க்காரனையும் வைவாய், நம் ஊர்க்காரனையும் அதே வார்த்தையால் வைவாய். சொந்த அக்கா புருஷன் என்றும் பாராமல் என் வயலுக்குத் திருப்பின மடையையே வந்து அடைத்தவன் நீ.

"மச்சான், நான் ஒன் மாமன்டா" என்றேன்.

"அதனாலதான் மாமா ஒன்ன மொதல்ல அடைக்கிறேன்" என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

நாங்கள் நம்பினது ஒருத்தரை ஒருத்தர் இல்லை, மச்சான். உன் சந்தேகத்தைத்தான் இரண்டு ஊரும் நம்பியிருக்கிறோம். நீ போன பிறகுதான் அது தெரிந்தது.

உன் காரியம் முடிந்து வந்த முதல் முறைத் தண்ணியிலேயே தகராறு. பாதியில் மூடிவிட்டார்கள் என்று நாம். நீங்கள் கரையை வெட்டிவிட்டீர்கள் என்று அவர்கள். அவர்கள் பூட்டுப் போட்டார்கள், நம்மவர்கள் பூட்டை உடைத்தார்கள். பேச வந்த அதிகாரி நியாயமாகத்தான் சொன்னார்: "ஷட்டரை என்னால பூட்ட முடியும். ஒங்க வாயை யாருய்யா பூட்டறது?" அப்புறம் கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுகூட நின்று போனது. சிதம்பரம் கடைத்தெருவில், இப்போது ஷட்டரைத் திறந்து மூடுகிற மேலண்டை ஊர் கோதண்டம் எதிரே வந்தால் நான் துணிக்கடை பொம்மையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அவன் மட்டும் என்ன, அவனும் பொம்மையைத்தான் பார்ப்பான்.

இதில் மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? உன் பெண்டாட்டி அஞ்சலைதான். வாய்க்காலில் கடைசி நிலம் உன்னுடையது ஆயிற்றே. மார்கழியில் மழை நின்றது. பயிர் தொண்டைக் கதிராக, கதிர் வெளியே தலை காட்டப் போகிற பருவத்தில் நிற்கிறது, கீழே மண் பிளக்கிறது. ஒரு தண்ணி, ஒரே ஒரு தண்ணி வேண்டும். அஞ்சலை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, இந்த வெள்ளாமை போச்சுன்னா நெலத்த எறா குட்டைக்கு விட்டுடறேன். தனியா எத்தினி நாளு நான் வானத்தையே பாத்துக்கினு நிக்கறது?"

உன் நிலத்தில் இறால் குட்டை வெட்டி உப்புத் தண்ணியைத் தேக்கினால் பக்கத்து நிலம் எத்தனை வருஷம் தாங்கும்? ஆனால் அவளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எந்த ஊருக்கு யோக்கியதை இருந்தது?

அந்தச் சமயத்தில்தான் உன் நினைவு நாளும், என் மூஞ்சியும்.

கோதண்டம் காலையில் வண்டியில் போகும்போது பேனரைப் பார்த்திருக்கிறான். சண்டைக்காரனாகவே இருந்தாலும் சாவுக்குப் போகாமல் இருக்கலாமா? ஊருக்குத் திரும்பிப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு, ரோஜா மாலையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். கூட வந்த ஒரு அம்மா தெருமுனையிலேயே ஒப்பாரியை எடுத்துவிட்டாள். "என் ராசா, தங்கமே" என்று என்னென்னவோ. நான் உயிரோடு இருக்கும்போது மேலண்டை ஊரில் எவளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாருக்கோ என்னமோ என்று கையில் பழைய சோற்றுக் கிண்ணத்தோடு வெளியே வந்தேன்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

"என்னா கலியபெருமாளு, நீ இருக்கியா?" என்றான் கோதண்டம்.

"இருக்கேன்பா. மன்னிச்சுக்கோ."

"பாலத்துல மாலை போட்டு வெச்சிருக்கே?"

"எனக்கே இப்பதான் தெரியும். எப்ப எடுக்கறாங்கன்னு கேட்டியா?"

அந்த அம்மாவுக்குத்தான் கோபம். "இவ்ளோ தூரம் வெயில்ல வந்து தொண்ட கட்ட அழுதேன்" என்றாள். உன் அக்கா தனம் உள்ளேயிருந்து வந்தாள். "வந்தது வந்துட்டீங்க, காப்பி சாப்ட்டுப் போங்க" என்றாள்.

"சாவு வூட்ல காப்பி குடிக்கறதா?"

"சாவுதான் நடக்கலியே. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பின வந்துடுமா?" என்றாள் உன் அக்கா. அந்த வாய் உங்கள் குடும்பத்துச் சொத்து.

மாலையை என்ன செய்வது? உள்ளே உன் படத்துக்குப் போட்டோம். கோதண்டம் உன் படத்தில் மாலையைச் சரி பண்ணினான். அப்புறம் திரும்பாமலே சொன்னான்: "இவன் கிட்ட நான் வாங்குன ஏச்சுக்கு அளவே இல்ல. ஆனா இவன் போன பெறவுதான்யா நாம ரெண்டு ஊரும் கெட்டோம்."

அப்போதுதான் எனக்கு உன்னை நினைத்து அழுகை வந்தது. உடனே வாய்க்காலுக்கு ஒரு தண்ணி கேட்டுவிட்டேன். அழுதுவிட்டால் கேட்க முடியாதே.

"தெறக்கறதுக்கு எனக்கு என்னா?" என்றான் அவன். "தெறந்தா ஒங்க ஊருக்கு வந்து சேரணுமே. நடுவுல எவன் குடிக்கறான்னே தெரியல. நான் முழுசாத் தெறந்தாலும், கோதண்டம் தெறக்கலன்னுதான் நீங்க சொல்லப் போறீங்க."

நினைவு நாளுக்கு வந்திருந்த அஞ்சலை வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அப்ப சேந்து நடங்கண்ணா" என்றாள்.

"எங்கம்மா நடக்கறது?"

"தண்ணிகூட. ஒங்க ஊரு ஆளு ஒருத்தரு, எங்க ஊரு ஆளு ஒருத்தரு. தெறந்த எடத்துலேருந்து தண்ணி மொனையோடயே என் வயலு வரைக்கும் நடந்து வாங்க. வழியில அது எங்க போவுதுன்னு ரெண்டு பேரும் சேந்து பாருங்க. பெறவு யாரு யார ஏசறதுன்னு பாப்போம்."

உனக்கு இது தோன்றவே இல்லையே மச்சான், ஏன்? ஒரே இடத்தில் குடைக்கடியில் உட்கார்ந்தால் இப்படித்தான்.

மேலண்டை ஊரில் கோதண்டத்தைச் சும்மா விடவில்லை. மாலை கொண்டு போனவன் தண்ணியையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்று கேலி. அவன் அசையவில்லை. மறுநாள் விடிந்ததும் அவன் மகன் ஷட்டரைத் திறந்தான். அவனும் நானும் கையில் ஆளுக்கொரு கழி, தோளில் துண்டு, நடக்க ஆரம்பித்தோம்.

தண்ணியோடு நடந்திருக்கிறாயா நீ? காய்ந்த வாய்க்காலில் அது சட்டென்று வராது. நுரையும் சருகும் தலையில் சுமந்துகொண்டு கைக்குழந்தை மாதிரி தவழ்ந்து வரும். ஒரு பள்ளம் வந்தால் நின்றுவிடும். அது ரொம்புகிற வரைக்கும் நாமும் நிற்க வேண்டும். கொக்குகள் எங்களுக்கு முன்னால் ஒவ்வொரு மடையிலும் போய்க் காத்துக்கொண்டிருந்தன. ஆகாயத்தாமரை அடைத்த இடத்தில் இரண்டு பேரும் இறங்கி இழுத்துப் போட்டோம். அவன் என்னை வைய, நான் அவனை வைய, வேலை நன்றாகவே நடந்தது.

ஒரு வளைவில் தண்ணி இளைத்தது. குனிந்து பார்த்தேன். கோரைப்புல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் பைப் ஒன்று, கோதண்டம் வயல் பக்கம் போகிறது.

"இது ஒங்க ஊரு பைப்பா?" என்றேன்.

"இல்ல. அது தானா மொளைச்சிருக்கு" என்றான். சொல்லிக்கொண்டே இறங்கிப் பிடுங்கினான். பிடுங்கும்போது என் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

மத்தியானம் நம் ஊர் எல்லைக்குள் வந்தோம். அங்கேயும் தண்ணி இளைத்தது. இப்போது குனிந்து பார்த்தது அவன்.

"கலியபெருமாளு, இந்த எடத்து மண்ணும் நல்ல மண்ணுதான் போல. இங்கயும் மொளைச்சிருக்கு."

அஞ்சலை நிலத்துக்கு மேலே இருக்கிற அந்தப் பைப் யாருடையது என்று நீ கேட்பாய். கேட்காதே. நானும் இறங்கிப் பிடுங்கினேன். அந்தத் தண்ணி இத்தனை நாள் எந்த வயலுக்குப் போய்ச் சேராமல் நின்றது என்று அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கோதண்டம் பெரிய மனுஷன், ஒன்றும் கேட்கவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினான்.

வெயில் தாழ்கிற நேரத்துக்குத் தண்ணி உன் வயலுக்குள் நுழைந்தது. அஞ்சலை வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி நின்றாள். பிளந்து கிடந்த மண் தண்ணியைக் குடிக்கிற சத்தம் கேட்டது மச்சான், நிஜமாகவே கேட்டது. தண்ணி அவள் விரலை மூடியது, அப்புறம் கணுக்காலைத் தொட்டது.

"போதும்ணா. மூடச் சொல்லுங்க" என்றாள்.

"இன்னும் ரவ ஏறட்டும்மா. யாரு பாக்கறா?" என்றேன் நான். பழக்கதோஷம்.

"கோதண்டம் அண்ணா பாக்கறாரு."

"நான் எங்க பாக்கறேன்? நான் காலு கழுவிக்கினு இருக்கேன்" என்றான் அவன்.

"போதும்ணா. அவுங்க ஊர்லயும் பயிரு நிக்குது" என்றாள் அவள்.

கோதண்டம் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டான். "டேய், மூடிடு. போதுமாம்." அந்தப் பக்கம் அவன் நம்பவில்லை போலிருக்கிறது. "ஆமாண்டா, போதும்னுதான் சொல்றாங்க. எனக்கும் புரியல. நீ மூடு."

போனை மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "கடைசி நெலத்துலேருந்து போதும்னு ஒரு சொல்லு வந்து நான் கேட்டதே இல்ல, கலியபெருமாளு" என்றான். கண்ணைத் துடைத்தான். தூசி என்றான். தண்ணி நிற்கிற வயலில் ஏது தூசி?

அதற்கப்புறம் ஒவ்வொரு முறைத் தண்ணிக்கும் ஊருக்கு ஒருத்தராக ஜோடி சேர்ந்து நடக்கிறோம். இப்போது பெண்களும் நடக்கிறார்கள். அவர்கள் நடந்தால் தண்ணி சீக்கிரம் வந்துவிடுகிறது, பேச்சுதான் கடைசி வயல் வந்தும் முடிவதில்லை. ஷட்டருக்குப் பூட்டு இல்லை. எல்லாரும் உத்தமர்கள் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே. இன்னும் அங்கங்கே பைப் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் கூட நடந்து, கூடச் சாப்பிட்டவன் கண்ணுக்கு முன்னால் பிடுங்குகிற கூச்சம் இருக்கிறதே, அது உன் கறுப்பு நூலைவிடக் கெட்டி.

உன் நிலத்தில் மாசியில் அறுப்பு முடிந்தது. களம் நிறைய நெல். இறால் குட்டைக்காரர் வந்து கேட்டதற்கு அஞ்சலை, "எங்க வயலுக்குத் தண்ணி நடந்து வருதுங்க, நீங்க போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். புது நெல்லில் பொங்கி மேலண்டை ஊருக்கும் கொடுத்து அனுப்பினாள். ஒப்பாரி வைத்த அம்மா இரண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். என்னை அழுததற்கு அது ஈடாகிவிட்டதாம்.

நீ இதையெல்லாம் பார்க்கிறாயா மச்சான்? இல்லை, அங்கேயும் ஏதாவது ஒரு ஷட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எவனையாவது வைதுகொண்டு இருக்கிறாயா?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் முட்டி மடங்குகிற வரைக்கும் ஒவ்வொரு முறைக்கும் நான் நடப்பேன். வழியில் என் வயல் இருக்கிறது என்பதையே மறந்து நடப்பேன். உன் வயலில் கணுக்கால் நனைகிற வரைக்கும், அஞ்சலை போதும் என்று சொல்கிற வரைக்கும், கோதண்டம் எத்தனை அறுத்தாலும் கேட்டுக்கொண்டே நடப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிக்கொண்டு இன்றுவரை பேச்சு வாங்குகிற,
உன் மாமன்
கலியபெருமாள்

பி.கு.: இந்தக் கடுதாசியை உன் வயல் வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். நடுவில் ஒரு பக்கத்தை அஞ்சலையின் கன்றுக்குட்டி தின்றுவிட்டது. உன்னைப் புகழ்ந்து எழுதின பக்கம் அது ஒன்றுதான்.