நீ இரண்டு மணித்தியாலத்தில் பெற்றாய்

ராத்தா,

சரக்கு வறுக்கும் வாசம் குசினியை நிறைத்திருக்கிறது. மகள் நேற்றுத்தான் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கொடுக்க மிளகும் சீரகமும் மஞ்சளும் அரைக்க வேண்டும். நீ மவுத்தாகி இரண்டு வருடம். இருந்தும் பிரசவ அறையில் வலி முற்றியபோது அவள் கூப்பிட்டது உன்னைத்தான். “பெரியும்மா, ஏலாது பெரியும்மா.” அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கபுறுக்குழிக்குள் இருக்கும் உன்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

இது புதிதல்ல. நீ என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். இருவருக்கும் தலைப்பிள்ளை ஒரே மாதத்தில். எனக்குத்தான் முதலில் வலி கண்டது. ஒன்றரை நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்பைப் பிடித்துக் கத்தினேன். உம்மா வார்டு வாசலைவிட்டு அசையவில்லை. மறுநாள் காலை, உன் மாப்பிள்ளை மாவடிப்பள்ளி வயலில் அறுவடைக்கு நின்ற நேரம், உனக்கும் வலி வந்தது. ஆட்டோ பிடித்து நீயாகவே வந்து சேர்ந்தாய். லுஹர் தொழுகைக்கு முன்பே ஆண்பிள்ளை. எனக்குச் சொன்னவள் நர்ஸ் மிஸ்ஸி.

“உங்கட ராத்தா வந்து ரெண்டு மணித்தியாலத்துல பெத்துட்டா. சத்தமே இல்ல. நீங்க ஏன் இப்பிடிக் கத்துறீங்க?”

அன்று பின்னேரம் என் வயிற்றை வெட்டித்தான் மகளை எடுத்தார்கள்.

உம்மாவின் வீட்டில் இருவருக்கும் ஒரே அறை. மூன்றாம் நாளே நீ எழும்பி நடந்தாய். நான் தையல் இழுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பார்க்க வந்தவர்கள் உன் பக்கமே உட்கார்ந்தார்கள். எனக்குப் பால் ஊறவில்லை. மகள் அழுதழுது தொண்டை கட்டிப்போனாள்.

“ராத்தா பால் குடுக்கட்டாகா?” என்று உம்மா கேட்டார். “குடுத்தா மார்க்கப்படி உன்ட மகளுக்கு அவளும் ஒரு உம்மாதான். யோசிச்சிச் சொல்லு.”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு “ஓம்” என்றேன். ஒரு கிழமை முழுதும் மகள் உன் மடியில் குடித்தாள். விழுங்குகிற சத்தம் என் கட்டில்வரை கேட்கும்.

நான்கு வருடம் கழித்து மகன். இந்தமுறை வெட்டாமல் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நீதான் கூட வந்தாய். ஆட்டோ பாண்டிருப்பைத் தாண்டும்போதே பன்னீர்க்குடம் உடைந்தது. போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தில் பிறந்துவிட்டான். வலித்ததுதான். ஆனால் அந்த வலிக்கு ஒரு போக்கு இருந்தது, என்னை முன்னால் கொண்டுபோனது. முதல் வலி நின்ற இடத்திலேயே போட்டு அடித்தது. இதுவா உனக்கு முதல்முறையே கிடைத்தது என்று அப்போதும் உன்னைத்தான் நினைத்தேன்.

பின்னேரம் மகனைத் துணியில் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். “அண்டைக்கு, தலைப்பிள்ளைக்கு, நான் தனியத்தான் வந்தன்கா. பயம். உம்மா உன்னோட இரிக்கா எண்டு நினைக்க நினைக்க எரியும். கத்துற புள்ளயத்தானே உம்மா பாப்பா.”

உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். “பசிக்குது, சோறு கொண்டுவந்தியா?” என்று மட்டும் கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீயும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாய்.

அல்லாஹ் உன் கபுறை விசாலமாக்கட்டும் என்று ஐவேளையும் கேட்கிறேன். அந்தச் சந்தோஷத்தை மட்டும் இன்னும் விட மனமில்லை, ராத்தா.