ஆதிலட்சுமி நின்ற பக்கம்

திருவண்ணாமலை
12-10-84

சிரஞ்சீவி சக்கரபாணிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பூனாவில் உன் இருமல் விட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள், அதை முதலில் எழுது. இங்கே நாலு நாளாக மழை, ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் பத்திரம் எழுத வருகிறவர்கள் கம்மி, அதனால் எனக்கு யோசிக்க நேரம் ஜாஸ்தி.

சித்திரையில் நீ கேமராவோடு வந்து, கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் உன் அக்கா ஆதிலட்சுமி காணாமல் போனதைப் படம் எடுக்கப் போகிறேன் என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்து மூன்று வருஷமாக நம் வீட்டுக்குள் நாம் மூன்று பேரும் வாய் திறந்து பேசாத விஷயம். நடந்ததை நடந்தவர்களே நடித்துக் காட்டினால் அது நிஜமா நாடகமா என்று எனக்கு விளங்கவில்லை. நான் வரமாட்டேன் என்றதும், நாடகத்தில் வேஷம் போடும் தாலுகா ஆபீஸ் பரசுராமனை என் இடத்தில் நிறுத்தினாய். அம்மா மட்டும் அவளாகவே நடித்தாள். தேரடித் தெருவில் மலையைப் பார்த்து நின்று, தீபம் தெரிந்ததும் கும்பிடுவதற்காக ஐந்து வயசுப் பிள்ளையின் கையை விட்டுவிடுவது போல் நாலு தரம் செய்து காட்டினாள். எதிரே மருந்துக் கடை ஓரமாக நின்று நானும் பார்த்தேன். உன் அத்தை ராஜம்மாளும் கேமரா முன்னால் உட்கார்ந்து, அம்மாவைப் பேர் சொல்லி, கன்னியம்மாதான் கையை விட்டாள் என்று எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

போன வாரம் பரசுராமன் வீட்டுக்கு வந்தார். கார்த்திகைக்கு நீ நிஜக் கூட்டத்தை எடுக்க வரும்போது மறுபடி நிற்க வேண்டுமே, தப்பாகச் செய்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன சட்டை, காலில் செருப்பு இருந்ததா, யார் எங்கே நின்றார்கள். பத்திரத்துக்கு நாலு எல்லை சொல்வது போல் நானும் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு இடப்பக்கம் அம்மா, அவள் இடுப்பில் ஏழு மாசக் குழந்தையாக நீ, இன்னொரு கையில் பூஜைக் கூடை, எனக்கு வலப்பக்கம் பாப்பா. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "அப்ப அம்மா எப்படிங்க பாப்பா கையப் புடிச்சிருப்பாங்க?" என்றார். நான் காபி எடுத்து வர உள்ளே எழுந்து போனேன். அவரும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

சக்கரபாணி, பிடித்திருந்தது நான். தீபம் தெரிந்ததும் எல்லோரும் அரோகரா சொல்ல, நானும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். இறக்கியபோது பிள்ளை இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் யார் கையில் இருந்தாள் என்று கேட்டார்கள், எனக்கு வாய் வரவில்லை, அம்மா தான்தான் என்றாள். பதட்டத்தில் சொல்கிறாள், அவள் என்னைக் கவனித்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பரசுராமன் வந்து போன மறுநாள் காலை அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது போய்ச் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும். உங்க ரெண்டு கையும் மேல இருந்தத நான் பாத்தேன்" என்றாள். பின்னே ஏன் இத்தனை வருஷம் பேச்சு வாங்கினாய் என்று கேட்டேன். "அன்னிக்கு நீங்க இருந்த இருப்புக்கு எந்தக் கெணத்துலயாவது விழுந்திருப்பீங்க. இடுப்புல ஒண்ணு இருந்துச்சே, அத நான் தனியாவா வளக்கறது?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போய் உன் அத்தையிடமும் சொன்னேன். அவள் புடவையை மாற்றிக்கொண்டு என்னோடு அதே பஸ்ஸில் வந்தாள், சாயங்காலம் வரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, நான் வெளியே போய்விட்டேன்.

உன்னிடம் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் கடைசியில் அதைக் குறித்துக் கையெழுத்துப் போடுவோம், படத்தில் அதற்கு என்ன வழி? பரசுராமன் எனக்குப் பதிலாக நிற்கப் போய்த்தானே இது வெளியே வந்தது, அது எப்படி என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நீ சினிமா படிக்கும் இடத்தில் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களா? கார்த்திகைக்கு நானே நிற்கிறேன். அம்மா நடித்ததைப் படத்திலிருந்து நீக்கிவிடச் சொல்லி எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். "வேணாம். நான் பொய் சொன்னதும் நடந்ததுதானே" என்கிறாள்.

ரயிலுக்கு முன்கூட்டியே ரிசர்வ் செய்துகொள், தீபத்துக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர். அண்ணாமலையார் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
ப. இராமலிங்கம்