ஜன்னலோரம் எழுதிய கருத்துகள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நானூற்றுப் பன்னிரண்டு கருத்துகள் வந்தன. நூற்று முப்பதை நீக்கினேன். எல்லாம் வழக்கமானவைதான்: மூக்கு, பல், உடம்பு, 'போய் வீட்டு வேலையைப் பார்'. எங்கள் இணையப் பாட்டுப் போட்டியில் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 'ஜன்னலோரம்' என்ற பெயரில் ஒருவர் எழுதுகிறார், நர்ஸுக்கு மட்டும். (பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் போட்டியாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'நர்ஸ்'தான்.) இன்று எழுதியது: "2:14-ல் மூச்சு வரியின் நடுவே உடைகிறது. முந்தைய வரியின் கடைசிச் சொல்லைச் சற்றுச் சுருக்கினால் மூச்சுக்கு இடம் கிடைக்கும்."

இடத்தைக் குறிப்பிட வேண்டும், திருத்த வழி சொல்ல வேண்டும், ஆளைத் தொடக் கூடாது. கருத்துப் பகுதிக்கு நான் எழுதிய விதிகள். இவ்வளவு ஒழுங்காக அவற்றை யாரும் பின்பற்றியதில்லை. பின்பற்ற இவருக்கு என்ன அவசியம்?

மார்ச் 6, வெள்ளி

முதலிடத்தில் இருக்கும் போட்டியாளர் ஒரு வக்கீல்; அவருடைய அண்ணனாக இருக்குமோ? ஒவ்வொரு வாரமும் இனிக்க இனிக்கக் குறை சொல்லிக்கொண்டே வந்தால் நர்ஸ் தானாகவே தளர்ந்து போவாள். நீக்கவும் முடியாது. காரணம் எழுதும் கட்டத்தில் எதை எழுதுவேன்?

தங்கையிடம் போனில் சொன்னேன். "ஏன்க்கா, திட்டினாலும் சந்தேகம், திட்டாட்டியும் சந்தேகமா? மாமா பாவம்" என்று சிரித்தாள். அவள் அறிவுரையைக் கேட்டு நான் உருப்பட்டது எப்போது?

மார்ச் 9, திங்கள்

முதலாளி எனக்குக் காபி கொண்டுவந்து தந்தார். காரியம் இல்லாமல் காபி வராது.

"மேடம், ஜன்னலோரத்துக்குன்னு தனிக் கூட்டமே சேந்துடுச்சு. ஆளு யாருன்னு கண்டுபிடிங்க. நேர்ல உக்கார வச்சு அவரையும் நர்ஸையும் மோத விடலாம். அழுதாங்கன்னா இன்னும் நல்லது."

எழுதுவது இவரேதானோ? கூட்டம் சேர்க்க என்ன வேண்டுமானாலும் செய்வார். ஆனால் மூச்சு எங்கே உடைகிறது என்று கேட்கும் காது இவருக்கு ஏது? பாட்டு ஓடும்போது பார்வையாளர் எண்ணிக்கையை அல்லவா பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்ச் 10, செவ்வாய்

மாட்டிக்கொண்டார்.

நர்ஸின் புதுப் பாட்டுக்கு ஜன்னலோரம்: "முதல் தடவை பாடியபோது சரணம் இதைவிட நன்றாக வந்தது. அதையே அனுப்பியிருக்கலாம்."

எந்த முதல் தடவை? எங்களுக்கு வந்தது ஒரே ஒரு காணொளி. கருத்தை வெளியிடாமல் நிறுத்தி வைத்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். நர்ஸ் காணொளி அனுப்பும் அதே வீட்டு இணைப்பு.

ஐந்தாம் விதி: போட்டியாளர் வீட்டிலிருந்து யாரும் கருத்து எழுதக் கூடாது. போட்டியாளருக்குத் தெரிந்தே எழுதினால் போட்டியிலிருந்து நீக்கம். உறவினர்கள் கூட்டமாக வந்து புகழக் கூடாது என்பதற்காக நான் எழுதியது. வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் குறை சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

ஒருவேளை அவளே எழுதிக்கொள்கிறாளா? இரக்கம் சம்பாதிக்க?

மார்ச் 11, புதன்

அவளைப் போனில் கூப்பிட்டேன். வீட்டில் யார் யார் என்று கேட்டேன்.

"நானும் அவரும்தான் மேடம். அவரு பாட்டுப் பக்கமே வர மாட்டாரு. வேலை விட்டு வந்தா ஜன்னல்கிட்ட உக்காந்து காதுல ஹெட்ஃபோன மாட்டிக்குவாரு. நான் பாடறதே அவருக்குத் தெரியாது. ஒரு வாட்டி, எப்படிங்க இருந்துச்சுன்னு கேட்டேன். என்னதுன்னாரு. அதுக்கப்புறம் கேக்கறதே இல்ல."

நிறுத்தி வைத்த கருத்தைப் படித்துக் காட்டினேன். 'முதல் தடவை' என்ற இடத்தில், "அத இன்னொரு வாட்டி படிங்க மேடம்" என்றாள். படித்தேன்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அவரு காதுல ஒண்ணும் ஓடலையா மேடம்?"

மார்ச் 12, வியாழன்

அதிர்ச்சியை நடிக்கலாம். அந்தக் கேள்வியை? — என்னால் முடியாது. அவளால் முடியுமா? அவளுக்குத் தெரியும் என்று நான் ஒரு வரி எழுதினால் போதும், நாளையே அவள் வெளியே. எழுதுவதுதான் எனக்குப் பத்திரமும்கூட. அப்புறம் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

மார்ச் 13, வெள்ளி

'போட்டியாளருக்குத் தெரியாது' என்று என் பிரிவுக் கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன். கணக்கை முடக்கினேன். ஆதாரம்? ஒரு கேள்வி. வேறொன்றும் இல்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

சாயங்காலம் முதலாளி வந்தார்.

"ஜன்னலோரத்தக் காணோமே. கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சா சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அது யாரு எழுதின விதி?"

"நான்தான்."

காபி வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நர்ஸிடமிருந்து காணொளி வரவில்லை. நாளை கடைசி நாள்.

நான்தான் கெடுத்துவிட்டேனோ? அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ. சண்டையா, இல்லை அதே ஹெட்ஃபோனா?

மார்ச் 18, புதன்

கடைசி நேரத்தில் வந்தது. நன்றாகவே பாடியிருக்கிறாள். வரியின் நடுவே எங்கும் மூச்சு உடையவில்லை. பாட்டு முடிந்து கேமராவை அணைக்கக் கை நீட்டுகிறாள். அப்போது ஓர் ஆண் குரல்:

"நில்லு. அந்த ரெண்டாவது வரி இழுவையா இருக்கு. மறுபடி பாடு."

"அய்யோ, இன்னும் ஆஃப் பண்ணலைங்க!"

மொத்தம் ஏழு நொடி. இடத்தைச் சொன்னார், சரி. திருத்த வழி சொல்லவில்லை. மரியாதை துளியும் இல்லை. என் விதிப்படி தேறாத கருத்து. அவள் முகத்தைப் பார்த்தால் பரிசு கையில் வந்த மாதிரி இருக்கிறது.

விதிகளை ஒரு முறை முழுக்கப் படித்தேன். வீட்டுக்குள் நேரில் சொல்வதற்குத் தடை இல்லை. ஆனால் முதலாளி இதைக் கேட்டால் அந்த மனிதரை மேடையில் ஏற்றாமல் விட மாட்டார்.

இரண்டு முறை கேட்டுவிட்டு அந்த ஏழு நொடியை வெட்டினேன். நீக்கியதற்கான காரணம் என்ற கட்டத்தில் 'மின்விசிறிச் சத்தம்' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் பொய்.