இரண்டாம் தலைமுறையின் வெளிச்சம்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

வார்டு வாசலில் இரண்டு நாள் நின்றேன். "அவங்க உங்களைப் பார்க்க மாட்டாங்களாம்" என்று நர்ஸ் விரட்டிவிட்டாள். அவளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆய்வகத்துக்குப் போலீஸ் மறுபடி வந்தது. அந்த டென்ட்ரிமருக்காக, மரம்போல் கிளைவிடும் அந்த ஒற்றை மூலக்கூறுக்காக, நான் ஒன்றரை வருடம் உயிரைக் கொடுத்தேன். நடுவில் ஒளிரும் கரு, சுற்றிக் கிளை, கிளைக்கும் கிளை. ஒரு சுற்று முதல் தலைமுறை, மூன்று சுற்று மூன்றாம் தலைமுறை. நீ மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, "உன் மூணாவது வெறும் கரிக்கட்டை, அக்கா. இதோ, ரெண்டாவதுதான் எரியுது" என்று சிரித்தாய். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஸ்டாண்டின் இரும்புக் கம்பியை உருவி ஓங்கினேன். ஓங்கியது கண்ணாடிக் கலத்தைத்தான். அந்தக் கும்மிருட்டில் நீ அதன்மேல் குனிந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

தடுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு. அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள். கன்ன எலும்பு இரண்டு துண்டு. இடது கண்ணிலிருந்து பதினொரு சில்லு எடுத்தார்கள். சின்ன வயதில் என் விரலைக் கதவிடுக்கில் நசுக்கிவிட்டு, நான் அழுவதற்குள் நீ அழுதாயே, அதே ஆள்தான் நீ.

இருட்டில் தெரியவில்லை என்கிறாய். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. போலீஸை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மூன்று தலைமுறையின் ஒளியையும் நீயே அளந்து பார். கிளை கூடினால் கருவை மூடிவிடும், எலக்ட்ரான் நுழைய வழியிருக்காது. குறைந்தால் கரு காப்பில்லாமல் சிதைந்துவிடும். கலத்துக்குள் நைட்ரஜனை முழுதாக இருபது நிமிடம் விடு. உன் அவசரத்தில் பாதியில் நிறுத்தாதே, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் ஒளியைத் தின்றுவிடும். விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா இரு. பார்த்ததை ஒன்று விடாமல் எழுது. என்ன சொல்வதென்று பிறகு முடிவு செய்கிறேன்.

தங்கை

மார்ச் 12

என் கண்ணான தங்கைக்கு,

நீ சொன்னதுதான் சரி. முதல் தலைமுறை பளிச்சென்று எழும்பி உடனே செத்தது. மூன்றாவதில் மினுக்கம்கூட இல்லை. ஆத்திரத்தில் அந்தக் கலத்தைச் சுவரில் அடித்தேன், மூன்றாவதின் மிச்சப் புட்டிகளை மிதித்து நொறுக்கினேன். காலெல்லாம் ரத்தம்.

அப்புறம் இரண்டாவது. ஐயோ, என்ன வெளிச்சம்! நீலமாக, ஆடாமல் அசையாமல் நின்றது. குனிந்தேன். கைக்கடிகார முள் தெரிந்தது. எதிர் அலமாரிக் கண்ணாடியில் என் முகம் இமை மயிர்வரை தெரிந்தது.

ஆய்வுக் கட்டுரையில் உன் பெயரே முதலில் இருக்கட்டும். தடுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொல்லிவிடு. என் வேலை, மானம் எல்லாம் உன் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

உன் அக்கா

மார்ச் 14

அக்கா,

கண்ணின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். "இடது கண்ணுல இனிமே பார்வை வராதும்மா" என்றார் டாக்டர்.

அன்று கலத்தில் எரிந்துகொண்டிருந்தது இரண்டாவதுதான். நான் அதன்மேல்தான் குனிந்திருந்தேன். உன் முகம் இமை மயிர்வரை உனக்குத் தெரிந்ததென்றால், என் முகமும் தெரிந்திருக்கும். நான் கம்பியைப் பார்க்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய்.

உன் கடிதத்தைப் போலீஸிடம் கொடுத்துவிட்டேன். அளவுகள் சரி என்று அடியில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தங்கை